கீனோவின் தலைமுடியும் நூத்தாவின் சக்கரமும்

ரொக்காபியானா ஊரின் தெற்கு மதிலை ஒட்டி, துணி துவைக்கும் தொட்டிக்கும் காவல் வாசலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட வெற்றிடத்தில், நூத்தா முப்பத்தோர் ஆண்டுகள் ஒரே முக்காலியில் உட்கார்ந்து சக்கரம் சுற்றினார். சக்கரத்தின் கொக்கியில் மாட்டிய சணல் நார் முறுக்கேற ஏற, இடுப்பைச் சுற்றி நார்க்கற்றையைக் கட்டிக்கொண்ட அவருடைய கணவர் கீனோ, விரல்களால் நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார். கயிறு திரிப்பவர் வேறு விதமாக நடக்க முடியாது. போகும் இடத்தைப் பார்க்காமலேயே கீனோ தம் வாழ்நாளில் பாதியை நடந்து கழித்தார். அவருக்காகப் பார்த்தவர் நூத்தா. "கல்லு" என்பார், கீனோ காலைத் தூக்கி வைப்பார். "கழுதை" என்பார், கீனோ நிற்பார். ஒன்றும் இல்லாவிட்டால், "வழி இருக்கு, போங்க" என்பார். தொட்டியில் துணி துவைக்கும் பெண்கள் நாள் முழுவதும் கேட்ட குரல் அது.

நூத்தா வண்டிக்காரர் ரெஞ்சோவின் மூன்றாவது மகள். பதினேழாம் வயதில், ஆயிரத்து முந்நூறாம் ஆண்டின் அறுவடை முடிந்தபின், கீனோவுக்கு வாழ்க்கைப்பட்டார். அதற்கு முந்தைய வசந்தத்தில் கீனோ பின்னோக்கி நடந்து வந்து, நின்றிருந்த ரெஞ்சோவின் வண்டிமேல் மோதி, அதற்குள்ளேயே மல்லாந்து விழுந்தார் என்றும், வண்டியில் உட்கார்ந்திருந்த நூத்தா, "சொல்லிட்டு ஏறக் கூடாதா?" என்று கேட்டார் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள். வண்டியில் வெங்காயம் இருந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வெறும் வண்டி என்று மற்றொரு சாரார். வெங்காயம் என்பதே சரியாக இருக்க வேண்டும். கீனோ கடைசிவரை வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் மனைவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அவர்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் ஞானஸ்நானம் பெறும் அளவுக்கே உயிரோடிருந்தன. அதற்குப் பின் பிறக்கவில்லை.

புனித பிரான்சிஸ் சபைத் துறவிகளின் கோவிலுக்குக் கீனோவின் வீட்டிலிருந்து முப்பது ஆண்டுகள் இடுப்புக் கயிறு போயிற்று. புதிதாக வரும் துறவி ஒவ்வொருவருக்கும் ஒன்று. பழையது நைந்தவருக்கு ஒன்று. தங்கள் மூன்று துறவு வாக்குறுதிகளைக் குறிக்கும் மூன்று முடிச்சுகளை மட்டும் அவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். கீனோ அதற்கு ஈடாக எதையும் வாங்கியதில்லை. கேட்டது ஒன்றே: செத்தால் அவர்கள் அங்கியில் படுக்க வேண்டும், அவர்கள் பாடுவது கேட்கும் இடத்தில் படுக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் அந்த அங்கியை உடுத்தி அடக்கமாகியிருக்கிறார்கள். அதில் புதுமை இல்லை. இடந்தான் அரிது. மடத்தலைவர் கோவிலின் வடக்குச் சுவரடியில், துறவிகள் நின்று பாடும் பாடல் இருக்கைகளுக்கு எதிரே, இடம் கொடுத்தார்.

அந்த இடம் தடுப்புச் சுவருக்கு அப்பால் இருந்தது. கோவிலைக் குறுக்காகப் பிரிக்கும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் ஊரார் நின்று பிரசங்கம் கேட்பார்கள். பூசையை நடுவிலிருக்கும் சிறு வாசல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் துறவிகளுடையது. ஆண்கள் சில திருநாள்களில் மெழுகுவத்தி ஏந்தி உள்ளே போகலாம். பெண்களுக்கு ஆண்டில் ஒரே நாள்: செப்டம்பர் முதல் ஞாயிறு, கோவில் அர்ச்சிக்கப்பட்ட திருநாள்.

ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்றாம் ஆண்டு, சகல புனிதர் திருநாள் கழிந்த நான்காம் நாள், மூன்று நாள் காய்ச்சலில் கீனோ இறந்தார். சாம்பல் நிற அங்கியை உடுத்தி, தாமே திரித்த கயிற்றைக் கட்டி, பாடையில் கொண்டுபோனார்கள். தடுப்புச் சுவரின் வாசல் குறுகலானது. முன்னால் பிடித்தவர்கள் திரும்பிக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டியதாயிற்று. முன்னால் பிடித்தவர்களில் ஒருவர் கீனோவின் தம்பி பால்தோ. பெண்களோடு இந்தப் பக்கம் நின்றிருந்த நூத்தா, "படி" என்றார். பால்தோ காலைத் தூக்கி வைத்தார். பாடை வாசலைக் கடந்ததும், "வழி இருக்கு, போங்க" என்றார். அது பால்தோவுக்குச் சொன்னதல்ல என்பது சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

*

அடுத்த ஆண்டு கோடையில் அரெட்சோ நகரிலிருந்து மேஸ்திரி தீனோ என்ற ஓவியர் வந்து, பாடல் இருக்கைகளுக்கு மேலே புனித பிரான்சிஸின் வாழ்வைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். நூத்தா மடத்தலைவரிடம் சென்று, தம் தகப்பன்வழி வந்த இரண்டு வரிசை ஒலிவ மரங்களின் எண்ணெயைப் பீட விளக்குக்கு என்றென்றைக்குமாக எழுதிவைத்தார். பதிலுக்குக் கீனோவின் கல்லறைக்கு மேலே ஒரு சிறு படம் கேட்டார்: நடுவில் குழந்தையுடன் தேவமாதா, இரு பக்கமும் முழந்தாளிட்டு அவரும் கீனோவும். மடத்தலைவர் ஒப்புக்கொண்டார்.

கோவில் பொருள்களைப் பார்த்துக்கொண்ட உபால்தோ சாமிக்கு இது வேண்டாத செலவாகத் தோன்றியது.

"படம் எதுக்கும்மா? பூசை வச்சாப் போதாதா?" என்றார்.

"ஏழு வேளையும் அங்க நின்னு பாடுறீங்களே, அப்ப உங்க கண்ணு எங்க போகும் சாமி?"

"புத்தகத்து மேல போகணும்."

"போகுதா?"

உபால்தோ சாமி பொய் சொல்லாதவர். "சுவத்துக்குத்தான் போகுது" என்றார்.

"அதான் கேட்டேன். எங்களுக்குன்னு செபம் சொல்லப் புள்ளையா குட்டியா? அந்தச் சுவத்துல நாங்க ரெண்டு பேரும் இருந்தா, பாக்குறவங்க, புருஷனும் பொண்டாட்டியும்னு நெனைச்சு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. இன்னைக்கு நீங்க சொல்லுவீங்க. நீங்க போனப்புறம் வர்றவங்களும் சொல்லணும்."

அதற்குமேல் அவர் எதிர்க்கவில்லை. ஆனால் ஓவியர் சாரத்தின்மேல், நூத்தா தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம். ஓவியர் கீனோவை உயிரோடு பார்த்தவரல்லர். ஆகவே கீனோவின் முகத்தை நூத்தா சொல்ல, அதை உபால்தோ சாமி சுமந்துபோய்ச் சாரத்தடியில் நின்று கத்த வேண்டியிருந்தது. "புருவம் ரெண்டும் சேந்திருக்கும்." "வலது காது கிழிஞ்சிருக்கும், சின்ன வயசுல நாய் கடிச்சது." "வாய் லேசாத் தொறந்திருக்கும், முறுக்க எண்ணிக்கிட்டே இருப்பாரு." ஒரே காலையில் பதினொரு முறை நடந்ததாக உபால்தோ சாமி பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

உடையைப் பற்றி யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதில் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. 'அவர் எங்கள் அங்கியில் படுத்திருக்கிறார்' என்று மட்டுமே தாம் சொன்னதாக உபால்தோ சாமி சாகும்வரை சாதித்தார். அங்கியோடு எழுதச் சொன்னதாகவே தமக்குக் கேட்டது என்று மேஸ்திரி தீனோ சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். வெளியூர்க்காரரான ஓவியர், துறவிகளின் பக்கத்தில் கல்லறை, துறவியின் அங்கி, தாம் திரித்த கயிறு என்று கேட்டுவிட்டு, இறந்தவர் ஒரு துறவி என்றும், எதிரே முழந்தாளிடும் பெண் அவருடைய உடன்பிறந்தவள் என்றும் முடிவு கட்டிவிட்டார்.

*

தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று ஆண்கள் மெழுகுவத்தியோடு உள்ளே போனார்கள். சாரம் பிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. நூத்தா வாசலருகே காத்திருந்தார். பால்தோ வெளியே வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"படம் நல்லா வந்திருக்கு அண்ணி."

"அவரு எப்படி இருக்காரு?"

"அப்படியே அண்ணன்தான். புருவம், காது, எல்லாம் உரிச்சு வச்ச மாதிரி."

"பின்ன ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

"தலையிலதான் கொஞ்சம் முடி கம்மி."

"அவருக்கு முடி கம்மியா? சீப்பு ஒடியுமே."

"சுத்தி இருக்கு அண்ணி. நடுவுல இல்ல."

நூத்தா தம் உச்சியைத் தொட்டுக் காட்டினார். "உச்சிய செரச்சா?"

"நல்லா வட்டமா, சாமியாருங்களுக்குச் செரைக்கிற மாதிரியே" என்றார் பால்தோ. அதற்குமேல் அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

மறுநாள் ஊர் அடுப்பில் ரொட்டி சுடும் பெண்களிடம் செய்தி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது. தோல் பதனிடுபவரின் மனைவி தெஸ்ஸா மாவுப் பலகையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"என்னடி நூத்தா, ஒன் வீட்டுக்காரரு சாமியாராப் போயிட்டாராமே. ஒரு வார்த்தை சொல்லல."

"ஒனக்குத் தெரிஞ்சா ஒன் புருஷனும் கெளம்பிருவாரேன்னுதான்."

"எம் புருஷன் ஏன்டி கெளம்புறாரு?"

"நான் தொட்டிக்குப் பக்கத்துலதான முப்பது வருஷமா ஒக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டை அங்கவரைக்கும் கேக்குமே."

எல்லோரும் சிரித்தார்கள், தெஸ்ஸாவும் சிரித்தாள். ஆனால் அடுப்புக்குள் பலகையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒனக்கும் தெரியும்டி. நமக்கு அப்புறம் வர்றவ பாத்தா, சாமியாருக்கு எதிர்ல இந்தப் பொம்பளைக்கு என்ன வேலைன்னுதான் கேப்பா."

நூத்தா ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை, கோவிலுக்குப் போனார்.

அவர் கேட்டது உள்ளே போய் ஒரே ஒருமுறை பார்க்கும் அனுமதி. மடத்தலைவர் வருத்தத்தோடு மறுத்தார். "ஒங்களுக்குன்னு தொறந்தா நாளைக்குப் பிரபு வீட்டு அம்மா வந்து நிப்பாங்க. அவங்களுக்கு மாட்டேன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுப்பாடே. கோவில் திருநாளுக்கு இன்னும் பத்தொம்பது நாள்தானேம்மா." பின்பு, கோவில் செய்த பிழையைக் கோவிலே திருத்த வேண்டும் என்றார், சுவரைக் கொத்தி மறுபடி எழுதும்படி ஓவியரிடம் சொல்வதாகவும், எப்படி எழுத வேண்டுமென்று நூத்தாவே முடிவு செய்யலாமென்றும் சொன்னார். நூத்தாவும், "கொத்திருங்க சாமி" என்றார். அன்று அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

*

சந்தேகம் மேஸ்திரி தீனோவுக்கு இருந்தது. மறுநாள் காலை, கைகளில் சுண்ணாம்போடு அவரே தடுப்புச் சுவரைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, சாரத்திலேயே பேசிப் பழகியதால் உரத்த குரல். பால்தோவும் உபால்தோ சாமியும் கூட இருந்தார்கள்.

"தப்பு என்னுதும்மா" என்றார். "நான் கேட்டிருக்கணும். கொத்தணும்னா கொத்துறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஈரப் பூச்சுல எழுதினாத்தான் நெறம் சுவரோட சுவராகும். ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுதான் பூசுவோம். உச்சிய மட்டும் எடுக்க முடியாது. அன்னைக்குப் பூசின பூச்சு முழுசும் வரும். மூஞ்சியும் அதோட போயிரும்."

"மறுபடியும் எழுதுங்க. மூஞ்சிதான் சொல்லியாச்சே."

"சொன்னீங்க. ஆனா அது சொன்னதால மட்டும் வந்த மூஞ்சி இல்ல. அன்னைக்குக் கை வந்துச்சு. மறுபடி வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"நான் பாக்காத மூஞ்சிக்கு எப்படி மேஸ்திரி ஞாயம் சொல்றது?"

அவர் யோசித்தார். பின்பு இடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்து, குனிந்து, கோவில் தளத்தின் பரந்த கல் பலகை ஒன்றின்மேல் கோடு இழுக்கத் தொடங்கினார். உபால்தோ சாமி கரி படாமல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முதலில் முதுகின் வளைவு, பிறகு கூப்பிய கை, கயிறு, காது. கடைசியில் வாய். மேஸ்திரி எழுந்து விலகி நின்றார்.

நூத்தா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

"எண்ணிக்கிட்டிருக்காரு" என்றார்.

"காது இன்னும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்." பிறகு, "பரவால்ல" என்றார்.

சுவரைக் கொத்தும் பேச்சு அத்தோடு முடிந்தது. மொட்டை வட்டத்தை என்ன செய்வது என்பதே இனிப் பேச்சு. தொப்பி ஒன்று போட்டுவிடலாமென்றார் பால்தோ. அண்ணனுடைய சிவப்புத் தொப்பி ஊருக்கே தெரியும். உபால்தோ சாமி கொதித்தார்.

"தேவமாதாவுக்கு முன்னால தொப்பியோடயா? அதுக்கு மொட்டையே இருந்துட்டுப் போகலாம்."

"அப்ப முடியே போட்டுருவோம்" என்றார் மேஸ்திரி. "காஞ்ச பூச்சு மேல முட்டை கலந்து எழுதலாம். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தோல் மாதிரி மேலயே நிக்கும். ஈரம் பட்டுப் பட்டு உரிஞ்சிரும்."

"எத்தனை வருஷம் நிக்கும்?" என்று கேட்டார் நூத்தா.

"முப்பது. வடக்குச் சுவரு வேற. இருபதுன்னு வச்சுக்குங்க."

"இருபதுல நாங்க யாருன்னு சொல்ல ஆள் இருக்காது. அப்பத்தான் படம் சொல்லணும். அப்பப் பாத்து முடி கொட்டுமா?"

மேஸ்திரி கையை விரித்தார். நூத்தா எழுந்திருக்கவில்லை. கரிப்படத்தில் கயிற்றின் நுனி கல் பலகையின் விளிம்பில் போய் நின்றிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோர் ஆண்டுகள் அவர் பார்த்துக்கொண்டிருந்ததே அதைத்தான்: கீனோவின் இடுப்பிலிருந்து புறப்பட்டுத் தம்மிடம் வந்து சேரும் கயிறு.

"இது எங்க போய் முடியுது?"

"படத்து ஓரத்துல. அதுக்குக் கீழ ஒரு முழத்துக்குப் பட்டை விட்டிருக்கேன். ஒங்க பேருங்களை எழுதுறதுக்கு. அத இன்னும் பூசல."

"பூசி, ஈரத்துலதான எழுதுவீங்க?"

"ஆமா."

"அது உரியாதே?"

"சுவரு இருக்கிற மட்டும் இருக்கும்."

"அப்ப எங்க பேரு வேண்டாம்" என்றார் நூத்தா. "அந்தக் கயித்தக் கீழ எறக்கி, பட்டையோட நீளத்துக்கும் இழுங்க. இழுத்துக்கிட்டே வந்து, இந்தப் பக்கம் எனக்குக் கீழ முடிங்க. அங்க சக்கரத்தப் போடுங்க. கொக்கியில மாட்டின மாதிரி."

பால்தோ மெல்ல, "அடேயப்பா" என்றார்.

உபால்தோ சாமிக்கு மனம் கேட்கவில்லை. "பேர விட்டுட்டா எப்படிம்மா? பேரச் சொல்லித்தான செபம் பண்ணணும்."

"ஒங்க செத்தவங்க ஏட்டுல எங்க பேரு இல்லையா சாமி?"

"அவரு பேரு இருக்கு. ஒங்களுக்கு எடம் விட்டிருக்கு."

"அது போதும். எழுத்து எனக்குத் தெரியாது. அடுப்பங்கரையில இருக்கிறவளுங்க ஒருத்திக்கும் தெரியாது. ஒரு முனையில ஆம்பள, மறு முனையில பொம்பள, நடுவுல கயிறுன்னா இந்த ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, கயிறு திரிக்கிற குடும்பம்னு. புருஷன் பொண்டாட்டி தவிர யாரும் அப்படி நிக்க மாட்டாங்க. சண்டை போட்டாக்கூட எட்ட எட்ட நின்னுதான் போடணும்."

மடத்தலைவருக்கு ஒரே ஒரு தயக்கம் இருந்தது. சக்கரத்தோடு ஒரு பெண் என்றால் பார்ப்பவர்கள் சக்கரத்தில் வதைக்கப்பட்ட புனித கத்தரீனம்மாள் என்று எண்ணிவிடுவார்களே என்றார். அதற்கு நூத்தாவின் பதிலை உபால்தோ சாமி சுமந்து சென்றார். அது அவருடைய பன்னிரண்டாவது நடை. "அந்தம்மா சக்கரத்துல முள்ளு இருக்கும், என்னுதுல கொக்கி இருக்கும்னு சொல்லுங்க. அந்தம்மா பக்கத்துல முக்காலியும் இருக்காது." மடத்தலைவர் சிரித்துவிட்டு, முக்காலியையும் எழுதச் சொன்னார்.

*

நீண்ட நேர்கோட்டைச் சுவரில் இட ஓவியர்கள் நூல் அடிப்பார்கள்: செம்மண் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் ஈரப் பூச்சில் கோடு பதியும். மேஸ்திரியிடம் நூல் இருந்தது. ஆனாலும் நூத்தா தாமே ஒன்று திரித்துத் தருவதாகச் சொன்னார். கீனோ இறந்தபின் சக்கரம் அன்றுதான் முதன்முறையாகச் சுற்றியது. நார்க்கற்றையைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்க பால்தோ வந்தார். அவர் தச்சர், கயிற்று வேலை அவருக்கு வராது. நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"பின்னால பாக்காத. அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றார் நூத்தா.

"பயமா இருக்கு அண்ணி. தொட்டி எங்க இருக்கு?"

"தொட்டி இருக்கிற எடத்துலதான் இருக்கு. வழி இருக்கு, போ."

தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்த தெஸ்ஸா அந்தக் குரலைக் கேட்டுத் துணியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, "நூத்தா, நான் வேணா ஒரு ஓரமா நகந்துக்கவா?" என்று கேட்டாள். அவள் அவ்வளவு பணிவாகப் பேசியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

நூல் சற்றுக் கரடுமுரடாகத்தான் வந்தது. மேஸ்திரி அதையே பயன்படுத்தினார். பூச்சு ஈரமாக இருக்கையில் நூலை அழுத்திச் சுண்டியதில், கோட்டோடு முறுக்கின் தடமும் சுவரில் பதிந்துவிட்டது. அதன்மேல் வெள்ளையும் சாம்பலும் தீட்டிக் கயிறாக்கினார். தலைமுடியை மறுநாள் முட்டை கலந்து எழுதினார். பால்தோ சொன்ன அடர்த்திக்குக் கொஞ்சமும் குறையாமல்.

செப்டம்பர் முதல் ஞாயிறன்று தடுப்புச் சுவரின் வாசல் பெண்களுக்குத் திறந்தது. எல்லோரும் பெரிய பீடத்தை நோக்கி நெருக்கிக்கொண்டு போக, நூத்தா இடப்பக்கம் திரும்பினார். தெஸ்ஸா விடாமல் கூட வந்தாள். கீனோ தேவமாதாவின் பாதத்தடியில், தலை நிறைய முடியோடு, வாயை லேசாகத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக் கயிறு அங்கியின் மடிப்பு வழியே இறங்கி, கீழ்ப் பட்டையில் நேராக ஓடி, மறு முனையில் ஒரு சிறு சக்கரத்தின் கொக்கியில் போய் முடிந்தது. அதற்கு மேலே மெல்லிய கழுத்தும் வெளிறிய கன்னமும் உடைய ஓர் இளம்பெண் கைகூப்பி முழந்தாளிட்டிருந்தாள்.

"அது யாருடி?" என்றாள் தெஸ்ஸா.

"நான்தான்."

தெஸ்ஸா படத்தையும் நூத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேஸ்திரி நல்ல மனுஷன்" என்றார் நூத்தா. தம் முகத்தைப் பற்றி அவர் ஓவியரிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு நூத்தா குனிந்து, கயிற்றின் முறுக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல் படாமல் பின்தொடர்ந்து பார்த்தார். வலப்பக்கம் திரும்பும் முறுக்கு, எங்கும் பிசகவில்லை. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெரிய பீடத்துக்குப் போய்ப் பூசை கண்டார்.

*

அதன்பின் நூத்தா ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். கயிற்றுத் தொழிலை நிறுத்திவிட்டு, மீன்பிடி வலைக்கான நூல் நூற்றார். ஒவ்வோர் ஆண்டும் திருநாளன்று ஒருமுறை உள்ளே போய்ப் படத்தைப் பார்த்து வந்தார். மற்ற நாள்களில் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, துறவிகள் பாடுவதைக் கேட்டார். பாட்டு ஓரிடத்தில் தடுமாறினால், "யாரோ சுவத்தப் பாக்குறாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வாராம்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறில், தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், உறக்கத்திலேயே இறந்தார். கல்லறையில் அவருக்கென விட்டிருந்த இடத்துக்கும், ஏட்டில் விட்டிருந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்தார். குறுகிய வாசலில் பாடையின் முன்பக்கத்தைப் பிடித்திருந்த பால்தோ இம்முறையும் பின்னோக்கி நடந்தார். "படி" என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் இடறினார், விழவில்லை. "அண்ணி இல்லேன்னா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மேஸ்திரி தீனோ சொன்ன கணக்கு ஏறக்குறையச் சரி. பதினெட்டாம் ஆண்டில் கீனோவின் உச்சியில் காசளவுக்கு நிறம் உரிந்தது. இருபத்தைந்தாம் ஆண்டு முடிவதற்குள் மொத்த முடியும் போய், வட்டமான மொட்டை பளிச்சென்று தெரியலாயிற்று. திருத்தி எழுதலாமா என்று மடத்திலிருந்து பால்தோவின் பிள்ளைகளைக் கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

சென்ற கோடையில் வெளியூர்க் கம்பளி வியாபாரி ஒருவர் மெழுகுவத்தியோடு உள்ளே வந்து, படத்துக்கு முன் நின்று, இப்போது கோவில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் இளைய துறவியிடம் கேட்டார்.

"இவரு எந்தச் சாமி? புனிதரா?"

நூத்தா இறந்த பிறகு பிறந்தவர் அந்தத் துறவி. "சாமியெல்லாம் இல்லீங்க" என்றார். "கயிறு திரிக்கிறவரு. கீழ பாருங்க. அந்தப் பக்கம் அவரு வீட்டம்மா சக்கரம் சுத்துறாங்க."

வியாபாரி குனிந்து பார்த்தார். "அட, ஆமா" என்றார். பிறகு இருவருக்குமாகச் சேர்த்து ஒருமுறை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.